முதல் பிழையைப் பாருங்க, ஸார்!

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் மூன்று ரகம். திரையில் 'எர்ரர்' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறவர்கள் முதல் ரகம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு சாமி கும்பிடுகிறவர்கள் இரண்டாவது ரகம். என்னதான் எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவர்கள் மூன்றாவது ரகம். இவர்கள் தெருவுக்கு ஒருத்தர் தேறினால் அதிகம்!

"நீ பி.காம். ஆச்சே, உனக்கெதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் சொல்லப்போகிற விஷயத்தில் கம்ப்யூட்டரை வழிக்குக் கொண்டுவந்தது எலெக்ட்ரானிக்ஸ் அல்ல... புக்-கீப்பிங்! நம்பிக்கை இல்லையா? மேலே படியுங்கள்.

தமிழிலேயே பேசும் கம்ப்யூட்டர்

'எழில்' என்று ஒரு மொழி இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. முத்தையா அண்ணாமலை என்பவர் 2007-ல் இதை உருவாக்க ஆரம்பித்து, 2009 ஜூலையில் வெளியே அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கிலீஷ் தெரியாமலே புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்பதுதான் நோக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றியும் கொள்ளலாம். காசு கிடையாது.

பதிப்பி "வணக்கம்"

என்று எழுதினால் திரையில் 'வணக்கம்' வரும். அவ்வளவுதான். பரீட்சை ரிசல்ட் போட வேண்டுமா? இப்படி:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "பாஸ்"
இல்லை
    பதிப்பி "அடுத்த தடவை பார்க்கலாம்"
முடி

ஒரு நயம் கவனித்தீர்களா? இங்கிலீஷ் வழி மொழிகளில் 'இஃப்' முதலில் வந்து நிற்கும். நாம் அப்படியா பேசுகிறோம்? 'மழை பெய்தால்' என்கிறோம். மழை முன்னால், 'ஆல்' பின்னால். எழிலிலும் நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால்! வெறும் வார்த்தையைப் பெயர்த்து வைக்காமல், வாக்கியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

மேடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

நீங்கள் எழுதுகிற 'பதிப்பி', 'முடி' எல்லாம் கம்ப்யூட்டருக்கு நேராகப் புரியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவர் பெயர் இன்டர்பிரெட்டர்.

தேர்தல் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். டெல்லித் தலைவர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார். பக்கத்து மைக்கில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி தமிழ். இப்படி உடனுக்குடன் சொல்லிக்கொண்டே போனால் இன்டர்பிரெட்டர். தலைவரின் மொத்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு போய், ராத்திரி கண்விழித்துத் தமிழ்ப் புத்தகமாக அச்சடித்துக் கொண்டுவந்தால் அவர் கம்பைலர்.

எழிலின் இன்டர்பிரெட்டரை 'பைத்தான்' என்ற மொழியில் எழுதியிருக்கிறார்கள். (மலைப்பாம்பு இல்லை. 1991-ல் பைத்தானை வெளியிட்ட கைடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர், 'மான்ட்டி பைத்தான்' என்ற டி.வி. காமெடியின் ரசிகர். அந்தப் பெயர்தான் இது.) சரி, பைத்தானின் இன்டர்பிரெட்டரை எதில் எழுதினார்கள்? 'ஸி' என்ற மொழியில். ஆக, மேல் மாடியில் எழில், கீழ் மாடியில் பைத்தான், அஸ்திவாரத்தில் ஸி. அஸ்திவாரம் ஆடினால் மாடியில் இருக்கிற தமிழும் ஆடும்!

பாக்கெட் மாவும் வீட்டு மாவும்

பைத்தானை ரெடிமேடாக இறக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். புது மெஷின் என்றால் சரி. பழைய மெஷினாக இருந்தால்? உபுண்டு என்ற பிரபலமான லினக்ஸ், 32 பிட் மெஷின்களுக்கான டெஸ்க்டாப் பதிப்பை 2017-லேயே நிறுத்திவிட்டது. பைத்தான்காரர்களும் லினக்ஸுக்கு ரெடிமேட் தருவதில்லை. மூல நிரலை, அதாவது ஸி மொழியில் எழுதியதை அப்படியே தருகிறார்கள். 'இந்தா அரிசி, இந்தா உளுந்து, நீயே அரைச்சுக்கோ' கேஸ்!

எந்த மெஷினில் ஓடப்போகிறதோ, அதே மெஷினில் அரைத்துக்கொள்வதற்கு 'நேட்டிவ் பில்ட்' என்று பெயர். இதில் மூன்று கட்டளைகள்தான். 'கான்ஃபிகர்', 'மேக்', 'இன்ஸ்டால்'. கல்யாணச் சமையல்காரர் வந்ததும் முதலில் அடுக்களையைச் சுற்றிப் பார்ப்பாரே... அடுப்பு எத்தனை, அண்டா இருக்கா, தண்ணீர் வருதா? அது 'கான்ஃபிகர்'. சமையல், 'மேக்'. பந்தி, 'இன்ஸ்டால்'.

கேட்க சுலபமாக இருக்கிறதல்லவா? இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள்.

உத்திர வீதியில் ஒரு உஷ்ணமான மத்தியானம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், திருச்சிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா ஒரு காலத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுஸிங் சென்டர் வைத்திருந்தவர். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் பிரவுஸிங் சென்டர் போயிற்று. மிச்சம் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப். 512 எம்.பி. மெமரி. நம் கைக்கடிகாரத்தில் இப்போது அதைவிட அதிகம் இருக்கலாம்!

தெருவில் ஏழாவது, எட்டாவது படிக்கும் ஆறு வாண்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழில் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மெஷினில் பைத்தானை அரைத்து எடுக்க வேண்டும். வியாழன், வெள்ளி இரண்டு நாள் முயன்று, சனிக்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"வரலைண்ணா. எல்லாம் இங்கிலீஷ்ல திட்டுது. தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கு இதெல்லாம் வராதுண்ணா. கிளாஸ்ல சும்மாவா சொல்றாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மெஷின் ஓடவில்லை என்பதைவிடப் பெரிய விஷயம் அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. மாடியிலிருந்து காபி டம்ளரோடு இறங்கி வந்தார் வீட்டுக்காரர் மாமா. பேங்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டர் என்றால் காத தூரம்.

"திட்டறதா? என்ன திட்டறது, படி கேப்போம்."

"கடைசியில 'மேக், எர்ரர் ஒன்று'னு வருது மாமா."

"கடைசியில வர்றதை எதுக்குப் பார்க்கறே? டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலேன்னா கடைசிப் பக்கத்தையே முறைச்சுண்டு உட்காரப்படாது குழந்தே. எந்த என்ட்ரி வரைக்கும் சரியா வந்தது? அதுக்கு அடுத்தது எது? அங்கதான் திருடன் இருப்பான்!"

இந்த ஒரு வரிக்காகவே மாமாவுக்கு இன்னொரு காபி போடலாம். கம்ப்யூட்டர் சாஸ்திரத்திலும் இதேதான் விதி. 'எர்ரர் ஒன்று' என்பது தபால்காரர். 'உள்ளே ஏதோ கெட்டுப்போச்சு' என்ற தந்தியை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார். செத்தது யார் என்பது நாற்பது வரிக்கு மேலே இருக்கும். ஒரு பிழை பத்துப் பிழையைக் குட்டி போடும். முதல் குட்டியைப் பிடித்தால் மீதி தானாக மறைந்துவிடும்.

பிழை ஒன்று: அடுப்பே இல்லை!

வியாழக்கிழமை வந்த முதல் பிழை 'கான்ஃபிகர்' கட்டத்திலேயே. 'நோ அக்ஸெப்டபிள் ஸி கம்பைலர் ஃபவுண்ட்'. அதாவது, ஸி மொழியை அரைக்கும் கிரைண்டரே இந்த வீட்டில் இல்லை. இதை அவளே கண்டுபிடித்து, லினக்ஸ் டி.வி.டி.யில் இருந்த கம்பைலரை ஏற்றிவிட்டிருந்தாள். கெட்டிக்காரி.

ஏற்றிய பிறகும் சந்தேகம் வந்தால், 'கான்ஃபிக் லாக்' என்று ஒரு ஃபைலை மெஷினே எழுதி வைக்கிறது. எதைத் தேடினேன், கிடைத்ததா, கிடைக்காவிட்டால் ஏன்... அத்தனையும் அதில் இருக்கும். மாமாவிடம் சொன்னேன். "ஓ... டே புக்கா?" என்றார் அலட்சியமாக. அதேதான் ஸார்!

பிழை இரண்டு: முடியாத கோபுரம்

'மேக்' அடித்தால் ஓடுகிறது. நடுவில் கரெண்ட் போயிற்று. வந்ததும் மறுபடி அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தொடரவில்லை. முதல் ஃபைலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

விட்ட இடத்தில் தொடர்வது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புதிதா என்ன? தெற்கே ராஜகோபுரம் எத்தனையோ தலைமுறையாக வெறும் அடித்தளமாக நின்றது. மொட்டை கோபுரம் என்றே பெயர். அகோபில மடத்து 44-வது ஜீயர் முன்னின்று, 1987-ல் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழுந்து நின்றது. இருந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டினார்கள். 'மேக்' என்ற புரோகிராமின் சாமர்த்தியமும் அதுதான். எது ஏற்கெனவே முடிந்ததோ, அதைத் தொடாது.

ஆனால் எது முடிந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? தேதியை வைத்து! மூல ஃபைலின் தேதியைவிட, அரைத்த ஃபைலின் தேதி புதிதாக இருந்தால் 'முடிந்தது' என்று தாண்டிப் போகும்.

மாமா திரையின் மூலையைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னோம்.

"இதுல ஏன் 2009 ஜனவரி 1-ன்னு போட்டிருக்கு?"

மெஷினுக்குள் நாணயம் போல வில்லை மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். கரெண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போய், ஒவ்வொரு பவர் கட்டுக்கும் மெஷின் பழைய தேதிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பென் டிரைவில் வந்த பைத்தான் ஃபைல்களோ போன சில வருஷத்துத் தேதியில். மெஷின் என்ன நினைக்கும்? 'நான் அரைத்த மாவு 2009. அரிசியோ அதற்கு அப்புறம் வந்தது. ஆகவே மாவு பழசு. மறுபடி அரை!' எத்தனை தடவை அரைத்தாலும் இதே கணக்கு.

'க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட். பில்ட் முழுமை அடையாமல் போகலாம்' என்று மெஷின் பாவம், சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எச்சரிக்கைதானே, எர்ரர் இல்லையே என்று யாரும் படிக்கவில்லை.

"தேதி தப்பான வவுச்சரைப் பாஸ் பண்ணினா இப்படித்தான்" என்றார் மாமா. பெரிய கடை வீதிக் கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கிவந்து மாட்டி, தேதியைச் சரிசெய்து, 'மேக் க்ளீன்' என்று பழைய அரைகுறைகளைத் துடைத்தாயிற்று. கிரைண்டரைக் கழுவாமல் புது அரிசி போடக்கூடாது அல்லவா?

பிழை மூன்று: ஒரு கொலை!

அடுத்த 'மேக்'. இருபது நிமிஷத்தில் மறுபடி 'எர்ரர் ஒன்று'. இந்தத் தடவை அவளே மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஒரே வார்த்தை. 'கில்டு'.

"கொன்னுட்டாங்களா? யாரு?" என்றார் மாமா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

கொன்றது லினக்ஸேதான். மெமரி சுத்தமாகத் தீர்ந்துபோனால், மெஷின் மொத்தமாக நின்றுவிடாமல் இருக்க, அதிகம் சாப்பிடுகிற ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துப் போட்டுத் தள்ளிவிடும். இதற்கென்றே உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. செத்தது கம்பைலர்.

காரணம்? 'வேகமாக முடியணும்னா மேக் கூட ஜே நாலுன்னு போடு' என்று கிளாஸ்மேட் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். ஒரே நேரத்தில் நாலு ஃபைல்களை அரைக்கச் சொல்லும் கட்டளை அது. கிளாஸ்மேட்டின் புது லேப்டாப்பில் நாலு அடுப்பு, எட்டு ஜி.பி. மெமரி. இங்கே ஒற்றை அடுப்பில் நாலு சமையல்காரர்கள்! 'ஜே ஒன்று' என்று மாற்றி, ஓடிக்கொண்டிருந்த பிரவுசரையும் மூடியதும் மெஷின் முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்தது. நேரம் ஆகத்தான் ஆயிற்று. அதற்குள் மாமா சந்தி பண்ணி முடித்து, டி.வி. நியூஸும் பார்த்துவிட்டார்.

பிழை நான்கு: சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

பைத்தான் ஓடியது! இரண்டும் இரண்டும் நாலு என்றது. கைதட்டல். எழிலை நெட்டிலிருந்து கொண்டுவா என்று அதனிடம் சொன்னாள். 'எஸ்.எஸ்.எல். மாட்யூல் இல்லை. பத்திரமான வழியில் என்னால் நெட்டுக்குப் போக முடியாது' என்று கைவிரித்துவிட்டது.

பில்ட் சரியாக முடிந்ததாகத்தானே சொன்னது? மறுபடி மேலே தள்ளிப் பார்த்தோம். 'மேக்' முடிகிற இடத்தில் அமைதியாக ஒரு பட்டியல். 'கீழ்க்கண்ட சில்லறைப் பகுதிகளுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்' என்று எஸ்.எஸ்.எல்., ஸீலிப், ஸி-டைப்ஸ் என ஏழெட்டுப் பெயர். எர்ரர் இல்லை, சிவப்பு இல்லை. சாம்பார் ரெடி என்று சொல்லிவிட்டு, 'பருப்பு போடவில்லை' என்பதைப் பொடி எழுத்தில் போட்ட மாதிரி!

எங்களுக்கெல்லாம் புரிவதற்கு முன்னால் மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"அட, இது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுன்னா!"

பி.காம். படிக்காத புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: டிரயல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ்' என்ற கணக்கில் போட்டுக் கூட்டலைச் சரிக்கட்டுவார்கள். பார்க்க டேலி ஆகிவிடும். ஆனால் அந்தச் சஸ்பென்ஸைத் தேடித் தீர்க்காமல் விட்டால், ஆடிட் அன்றைக்கு மானம் கப்பலேறும். பைத்தானும் அப்படித்தான் டேலி ஆகியிருந்தது.

"எஸ்.எஸ்.எல். மெஷின்ல இருக்கேண்ணா, பிரவுசர்ல நெட் வருதே?" என்றாள். நியாயமான கேள்வி. லைப்ரரியில் புத்தகம் இருக்கிறது, கேட்டலாக் இல்லை. அதுதான் சிக்கல். ஓடுகிற புரோகிராமுக்குப் புத்தகம் போதும். புதிதாகக் கட்டுகிற கம்பைலருக்கோ, எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்ற கேட்டலாக் வேண்டும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் 'டெவ்' என்ற வாலோடு வரும் பொதிகள்தான் அந்தக் கேட்டலாக். செல்போன் நெட்டை இணைத்து அவற்றை ஏற்றி, மறுபடி 'கான்ஃபிகர்', மறுபடி 'மேக்'. பட்டியல் சுருங்கி, முக்கியமானது எல்லாம் மறைந்தது.

இங்கே இன்னொரு சூட்சுமம். புதுசுதான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பதிப்பை இறக்கக் கூடாது. பைத்தான் 3.10-லிருந்து எஸ்.எஸ்.எல். பகுதிக்கு 'ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1.1.1'-ஆவது வேண்டும். பழைய லினக்ஸில் அதைவிடப் பழையதுதான் இருக்கும். ஓட்டு வீட்டின் மேல் இரண்டாயிரம் லிட்டர் டேங்க் வைக்க முடியுமா? அவள் 3.9-ஐ எடுத்திருந்தாள். ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்து வருஷம்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழையதில் பாடம் படிக்கலாம், பேங்க் வேலை வேண்டாம்.

மூலவரைத் தொடாதே!

கடைசியாக 'இன்ஸ்டால்'. இங்கேதான் பலர் வீட்டைக் கொளுத்திக்கொள்கிறார்கள். லினக்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு பைத்தான் இருக்கும். மெஷினின் சொந்தக் காரியங்கள் பலவற்றுக்கு அதுதான் ஆதாரம். அதன் இடத்தில் புதுசை உட்கார வைத்தால், சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். அதற்காகவே 'ஆல்ட்இன்ஸ்டால்' என்று தனிக் கட்டளை. பழையதை அசைக்காமல், புதுசைத் தன் பதிப்பு எண்ணோடு பக்கத்தில் வைக்கும்.

ஸ்ரீரங்கத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை. மூலவர் சயனத்தில் இருந்த இடத்தில் இருக்கட்டும். வீதி உலா, மண்டகப்படி எல்லாம் உற்சவரை வைத்து நடக்கட்டும்!

ஐந்தெழுத்து, இருபத்தொரு பைட்

ராத்திரி எட்டு மணிக்கு எழில் வந்து இறங்கியது. 'பதிப்பி' என்று ஆரம்பித்து வணக்கம் போட்டாள். வந்தது. ஆனால் புள்ளிகள் எல்லாம் இடம் மாறி, எழுத்துகள் விலகி, பல் விழுந்த மாதிரி வந்தது!

இது பிழையா? இல்லை. பழைய டெர்மினல் திரை, எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நினைக்கிற ஜென்மம். கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி ஆள். 'வணக்கம்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 7. அதையே ஃபைலில் யு.டி.எஃப்-8 முறையில் வைத்தால், ஒன்றுக்கு 3 பைட் வீதம் 21. உள்ளே 21-ம் பத்திரமாக இருந்தது. வேறு எடிட்டரில் திறந்தால் வணக்கம் அழகாக வந்தது. காட்டுவதில் கோளாறா, கணக்கில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது பாதி வைத்தியம்.

பழைய பைத்தான் 2 காலத்தில் இதுவே பெரிய தலைவலி. சொல்லிக்கொடுக்காவிட்டால் அது 0 முதல் 127 வரை, 128 குறியீடுகளைத்தான் எழுத்து என்று ஒப்புக்கொள்ளும். யூனிகோடில் தமிழின் முக்கியப் பகுதி 2944 முதல் 3071 வரை. எண்ணிப் பாருங்கள், அதுவும் சரியாக 128 இடம். வேறே 128! தமிழைப் பார்த்ததும் 'எனக்குத் தெரிந்த 128-ல் இது இல்லை' என்று படுத்துவிடும். அந்தப் பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு அதிகாரபூர்வமாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஏன் மெனக்கெட வேண்டும்?

கீழ் மாடிக்கு ஓய்வு கொடுத்தால் மேல் மாடியைப் புது வீட்டுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஓர் இன்டர்பிரெட்டரை அதை எழுதியவரைத் தவிர இன்னொருவர் பிரித்து, அரைத்து, ஓட்ட முடிகிறவரைதான் அந்த மொழிக்கு உயிர்.

கம்பைலர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'ஜி.ஸி.ஸி.' என்ற கம்பைலரை மூலத்திலிருந்து கட்டும்போது, முதலில் இருக்கிற பழைய கம்பைலர் புதுசைக் கட்டும். அந்தப் புதுசு தன்னைத் தானே ஒரு தடவை கட்டும். அது இன்னொரு தடவை கட்டும். கடைசி இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். குரு சிஷ்யனுக்குச் சொல்லி, சிஷ்யன் அவன் சிஷ்யனுக்குச் சொல்லி, பாடம் மாறவில்லையே என்று பார்க்கிற சந்தை மாதிரி!

தமிழில் அந்தப் பரம்பரைக்கும் ஆள் உண்டு. இதே ஊரில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்த எஸ்.ரங்கராஜன், அதாவது 2008-ல் மறைந்த சுஜாதா, கம்ப்யூட்டரை வாரப் பத்திரிகைப் பக்கங்களிலேயே தமிழில் சொல்லிக்கொடுத்தார். பயம் போகிற மாதிரி சொன்னார் என்பதுதான் விசேஷம். பயம் போய்விட்டால் இங்கிலீஷ் பெரிய தடை இல்லை. எர்ரர்களில் திரும்பத் திரும்ப வருவது நாற்பது, ஐம்பது வார்த்தைதான். 'நாட் ஃபவுண்ட்' என்றால் காணோம். 'பெர்மிஷன் டினைட்' என்றால் உனக்கு அனுமதி இல்லை. நம் ஊர் ரேஷன் கடையில் கேட்காத வார்த்தைகளா இவை!

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. ஆறு பேர் வருவதாகச் சொன்ன இடத்தில் ஒன்பது பேர். 'முடி' போட மறந்த ஒரு வாண்டுக்கு எர்ரர் வந்தது. "அக்கா, திட்டுதுக்கா!" என்றான். "திட்டலைடா. எத்தனாவது வரின்னு சொல்லியிருக்கு பாரு, படி" என்றாள் அவள்.

இப்போது அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மாமா கோடு போட்டுக் கொடுத்தது. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் தீர்வு. சுத்தமான டபுள் என்ட்ரி! அதிலிருந்து சில வரிகள், உங்களுக்காக:

1. கடைசி வரி தபால்காரர். மேலே போய் முதல் 'எர்ரர்' வரியைப் பார்.

2. மெஷின் தேதி சரியா? முதலில் அதைப் பார்.

3. எச்சரிக்கையும் செய்திதான். 'முடிந்தது' என்று சொன்னாலும் விட்டுப்போனவை பட்டியலைப் படி.

4. 'கில்டு' என்றால் மெமரி போதவில்லை. ஆளைக் குறை.

5. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

6. ஏதாவது புதிதாக ஏற்றினால் 'கான்ஃபிகர்' மறுபடி. பழைய மாவைத் துடைத்துவிட்டு 'மேக்'.

7. 'ஆல்ட்இன்ஸ்டால்'. மூலவரைத் தொடாதே.

8. பிழையை எழுத்து மாறாமல் நோட்டில் எழுது. 'ஏதோ வந்தது' என்று எழுதாதே.

எட்டாவதன் கீழே மாமா தன் கையெழுத்தில் ஒன்பதாவதைச் சேர்த்திருக்கிறார்: 'கணக்கில் வரும் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 54-ஐ 45 என்று போட்டிருப்பாய்.' இதற்கும் பைத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவள் அடிக்கவில்லை.